நாலு ஜி.பி. ஊர்

எங்கள் ஊர் பேரூராட்சி அலுவலகக் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. நான்கு ஜி.பி. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர், இரண்டு அரிசி ஆலை, ஒரு மேல்நிலைப் பள்ளி, அம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், பேருந்து நிறுத்தம் எல்லாம் அதற்குள்தான். கணினி எதை நினைவில் வைத்திருக்கிறதோ அது ஊரில் இருக்கும். வைத்திருக்காதது இருக்காது. மற்ற ஊர்களிலும் இப்படித்தான் என்று கேள்வி. சில ஊர்களுக்குப் பதினாறு ஜி.பி. கிடைத்திருக்கிறதாம். அது அவரவர் தலையெழுத்து.

அந்த அலுவலகத்தில் நான் பதினான்கு வருடமாகக் கணினி ஆபரேட்டர். பெயர் செண்பகவல்லி. ஆபரேட்டரின் நாற்காலி மட்டும் கணினிக்கு வெளியே இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கணினியை நிறுத்தித் திரும்பப் போடுவேன். அந்த இரண்டு நிமிடமும் ஊர் இருக்காது. முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிடுவதால் பெண்கள் அடுப்பை அணைத்து வைப்பார்கள். சவரக் கடையில் கத்தியைக் கீழே வைப்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொள்வார்கள். இதுவரை ஒருவர்கூட விழுந்ததில்லை. என் வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பதற்கில்லை.

புறவழிச்சாலை வந்த பிறகுதான் இட நெருக்கடி ஆரம்பித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இருநூற்று நாற்பது வீடுகளோடு ஒரு காலனி முளைத்தது. காலனி வந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்களோடு பீரோ, நாய், மாமியார், பழைய சண்டை எல்லாம் வரும். மேலிடத்துக்கு எழுதி இன்னொரு நான்கு ஜி.பி. கேட்டோம். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் கணினியில் மெமரி செருகும் இடம் ஒன்றுதானாம்; அதில் ஏற்கெனவே மெமரி இருப்பதால் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டதாம்.

அதுவரை நாங்கள் வட்டைத்தான், அதாவது ஹார்ட் டிஸ்கைத்தான், நம்பிக்கொண்டிருந்தோம். இடம் முட்டும்போது, சும்மா இருக்கிறவர்களைக் கணினி வட்டுக்கு அனுப்பிவிடும். யாராவது கூப்பிட்டால் திரும்பக் கொண்டுவரும். ஆனால் எங்கள் வட்டு பழையது, கரகரவென்று சுற்றுவது. போன ஆள் திரும்ப அரை நாள் ஆகும். தெற்குத் தெருவில் ஒரு மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததால் வட்டுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது பந்தி முடிந்து சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் அதுவரை தலை குனிந்தபடியே இருந்தாள். தாலி கட்டியானதும் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டார்கள்.

வட்டும் தாங்காத அளவுக்கு நெருக்கடி வந்தால் கணினி யாரையும் கேட்காது. எது அதிக இடம் பிடித்திருக்கிறதோ அதை மூடிவிடும். பதிவேட்டில் 'இடம் போதவில்லை, மூடப்பட்டது' என்று ஒரு வரி விழும். மூடப்பட்டது திரும்ப வராது. சித்திரையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி போயிற்று. வைகாசியில் கல்யாண மண்டபம், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே. இலையும் ஆட்களும் பொட்டலில் மிச்சம் இருந்தார்கள். பாயசம் கொண்டுவந்தவர் நிற்காமல் வரிசையாக ஊற்றிக்கொண்டு போனார்.

இரண்டும் போனபின், அதிக இடம் பிடித்தவற்றின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது என் கணவர்.

அவர் அப்படி ஒன்றும் பருமனான ஆள் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்கிறவர். மற்ற ஊர் அறிவிப்பாளர்கள் ஒரே வாக்கியத்தை இருநூறு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவருக்கு ஒரு வாக்கியம் இரண்டாம் முறை வாயில் வராது. கொசு மருந்து அடிக்க வருகிறார்கள் என்பதுதான் செய்தி என்றால், முதல் தெருவில், "உங்க தொட்டியில ஒரு குடும்பம் குடியிருக்கு, நாளைக்கு அதைக் காலி பண்ண ஆள் வருது" என்பார். அடுத்த தெருவில், "கொசுவுக்கும் உங்களுக்கும் ஒரே ரத்தம், அதுக்காகச் சொந்தம்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாது" என்பார். கேட்டவர்கள் அடுத்த தெருவுக்கும் பின்னாலேயே நடந்து வருவார்கள். இவ்வளவையும் கணினி எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டிலும் அப்படித்தான். பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒரே பொய்யை இரண்டு முறை சொன்னதில்லை. அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

எதை மூடக்கூடாது என்பதற்குக் கணினியில் ஓர் எண் இருக்கிறது. அதைக் கழித்தல் ஆயிரமாக வைத்துவிட்டால் தொடாது. அம்மனுக்கு அந்த எண் இருந்தது. செயல் அலுவலருக்கும் இருந்தது. செயல் அலுவலர் ஞானதிரவியம் சாரிடம் போய், என் கணவருக்கும் போட்டுக் கொடுங்கள் என்றேன். எண்ணை மாற்ற அவருடைய கையெழுத்துச் சாவியான டோங்கிளைக் கணினியில் செருக வேண்டும்.

"பால்வண்ணனுக்கா? ஸ்டாஃப் குடும்பத்துக்குப் போட்டா ஆடிட்ல கேப்பாங்களேம்மா" என்றார். நல்ல மனிதர்தான். டோங்கிளை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே நான் வேறு வழி யோசித்தேன். நான்கு ஜி.பி.யில் பாதியை மடிப்பறை என்று ஒதுக்குவது. சும்மா இருக்கிறவர்களை வட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே மடித்து வைப்பது. மடித்தால் ஒருவர் இடத்தில் மூன்று பேர் அடங்குவார்கள். கூப்பிட்டால் கண் மூடித் திறப்பதற்குள், மடிந்த இடத்திலேயே விரிந்துவிடுவார்கள். மடிக்கவும் விரிக்கவும் கணினிக்குக் கூடுதல் வேலைதான். செய்யட்டுமே, அதற்கு இடுப்பா வலிக்கப்போகிறது.

செயல் அலுவலருக்கு இது பிடிபடவில்லை. "ஏம்மா, இருக்கிற இடமே பத்தல. அதுல பாதிய வேற எடுத்துக்கிடுதேங்கியே" என்றார்.

பீரோவில் சேலையைக் கசக்கித் திணித்தால் பத்து கொள்ளும், மடித்து அடுக்கினால் முப்பது கொள்ளும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். வீட்டுப் பீரோவை நினைத்துக்கொண்டார் போல. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் மடிப்பறையை அமைத்தேன். அரை மணி நேர வேலை. அளவு இரண்டு ஜி.பி. முன்னுரிமை எண், மடிப்பறைக்கு நூறு, வட்டுக்குப் பத்து. அப்போதுதான் கணினி முதலில் மடித்துப் பார்க்கும், முடியாவிட்டால்தான் வட்டைத் தேடிப் போகும். சும்மா இருப்பவர்களை எவ்வளவு ஆர்வமாக மடிப்பது என்பதற்கும் ஓர் எண் உண்டு. அறுபதில் இருந்ததை நூற்றைம்பதாக ஏற்றினேன். டீக்கடை பெஞ்சில் கிளாஸைக் கீழே வைத்தவர்கள் எல்லாம் அந்த நொடியே மடிந்துவிட்டார்கள். பாவமாக இருந்தது. நூற்றிருபதாகக் குறைத்தேன். அதற்கப்புறம் காலிக் கிளாஸைக் கையில் பிடித்து ஊதிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம் என்று ஊர் கண்டுபிடித்துக்கொண்டது.

மடிந்தவரைத் திரும்ப விரிக்க, பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இதில்தான் பெண்களுக்குச் சங்கடம். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. அதனால் மத்தியானச் சோறு ஆனதும் வரிசையாக அலுவலகத்துக்கு வருவார்கள். பதிவேட்டில் விரலை வைத்துக் காட்டுவார்கள். நான் மைக்கில் வாசிப்பேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது புருஷன்மார்களைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

யார் எவ்வளவு சின்னதாக மடிவார்கள் என்பது, அவர்கள் சொன்னதையே எவ்வளவு சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கணினி கடைசி ஏழு நாட்களைப் பார்க்கும். திரும்பத் திரும்ப வருவதை ஒரு தடவை எழுதிக்கொண்டு, 'இதேபோல் நானூறு' என்று பக்கத்தில் குறித்துவிடும். பெரும்பாலானவர்கள் மூன்றில் ஒரு பங்கு ஆனார்கள். ஐந்தாம் வார்டு உறுப்பினர் இடமே பிடிக்கவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் 'காலி' என்று மட்டும் குறித்திருந்தது.

பக்கத்து வீட்டு முப்பிடாதியின் கணவர் உச்சிமாகாளி ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைத் திரையில் நான் கண்ணால் பார்த்தேன். முப்பிடாதிக்கும் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பது வருசமா இதோடயா குடித்தனம் பண்ணேன்?" என்றாள். பிறகு கூப்பிடச் சொல்லாமலே வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து விரலை வைத்தாள்.

என் கணவர் மடியவில்லை. மூன்று தடவை மடித்துப் பார்த்தேன். போட்ட அளவிலேயே திரும்பி வந்தார். ஒரு வாரத்தில் அவர் பேசிய எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்டதைக் கணினி அப்படியே எடுத்து வைத்து, 'மடிக்க இயலாதது' என்று மேலே சீட்டு ஒட்டிவிடும். சீட்டுக்கு வேறு தனியாக இடம் போயிற்று. ஊரே சுருங்கிவிட்டதால் இவர் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தார். பட்டியலில் அவருக்கும் இரண்டாவது இடத்தில் இருந்த அரிசி ஆலைக்கும் நடுவே நல்ல தூரம் விழுந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை கணக்குப் பார்த்தால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. கொடைக்கு வெளியூரிலிருந்து ஒன்பதாயிரம் பேர் வருவார்கள். வந்தால் இடம் முட்டும். முட்டினால் ஒன்று மூடப்படும். எது என்று எனக்குத் தெரியும். பயந்தேன். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருக்கிற அளவுக்குப் பயந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஏழு நாள், மூன்றே வாக்கியம். தெருவில், 'செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடை. அனைவரும் வருக.' வீட்டில், 'சாப்பாடு நல்லாருக்கு.' மற்ற எல்லாவற்றுக்கும், 'சரி.'

"சொன்னதையே சொல்லுததுக்கு நான் எதுக்கு, செம்பா? டேப் ரெக்கார்டர் போதாதா?" என்றார்.

"டேப் ரெக்கார்டரை மூட மாட்டாங்க" என்றேன்.

அவர் முயற்சி செய்தார், அதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ரத வீதியில் ஒழுங்காகச் சொன்னார். பள்ளிவாசல் தெரு திரும்பியதும், "அனைவரும் வருக, வராதவுக வீட்டுக்கு அம்மனே வருவா, காப்பி போட்டு வைங்க" என்று ஒரு வால் முளைத்துவிட்டது. அந்த நாள் வீண். மறுநாள் வாக்கியத்தைக் கையில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாக வாசித்தார். அந்த நாளும் வீண். ஏழு நாளும் விடாமல் வர வேண்டும், திங்கட்கிழமையே கூட்டம் வரத் தொடங்கிவிடும் என்பதால் இனி ஒரு நாளைத்தான் வீணாக்க முடியும், அதுவும் சந்தேகம் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தொடாமல் வைத்திருந்த சோற்றையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சரி" என்றார். ஏழு நாளைக்கு அதுதான் தொடக்கம்.

சனிக்கிழமை முதல் அவர் அந்த மூன்றையும் விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோ வரும் சத்தம் கேட்டதும் தெருவில் சன்னலைச் சாத்தினார்கள். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் அவருக்காக யாரும் சன்னல் சாத்தியதில்லை. ஐந்தாம் நாள் நான் குழம்பில் உப்புப் போடவில்லை, வேண்டுமென்றேதான். அவர் சாப்பிட்டு முடித்து, "சாப்பாடு நல்லாருக்கு" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன். "சரி" என்றார்.

ஏழு நாள் முடிந்து மறுநாள் சனிக்கிழமை காலை. அலுவலக வாசலில் ஆட்டோவை நிறுத்தி, ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில் இருந்து திரையைப் பார்த்தேன். மடிந்தார். எட்டில் ஒரு பங்கு. பட்டியலில் முதலிடத்திலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கினார். அரிசி ஆலை முதலிடத்துக்கு வந்தது. வெளியே ஆட்டோ காலியாக நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட ஆளில்லை. கொடைக் குழுவினர் அவருடைய வாக்கியத்தை ஒரு பென் டிரைவில் போட்டு வேறொரு ஆட்டோவில் கட்டி அனுப்பினார்கள். ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியக் கொடைக்கு ஒன்பதாயிரத்து நானூறு பேர் வந்தார்கள். தொண்ணூற்று மூன்று சதவீதம் நிரம்பியது. அதற்கு மேல் ஏறவில்லை. மடிப்பறை அருமையாக வேலை செய்தது. ஒருவர் தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அவருக்குப் பின்னால் நின்றவர் மடிந்து விரிந்து வந்தார். அன்றைக்கு விடுமுறை என்பதால் செயல் அலுவலர் வீட்டில் செய்தித்தாளோடு மடிந்திருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும்தான். பன்னிரண்டரை மணிக்குத் தூக்குவாளியைத் திறந்தேன். இரண்டு பேருக்கான சோறு இருந்தது. கைப் பழக்கத்தில் போட்டிருக்கிறேன்.

எனக்கு அவர் வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டேன். அவர் முழுசாக விரிந்தால் நான்கு சதவீதம். தொண்ணூற்று மூன்றும் நான்கும் தொண்ணூற்றேழு. இடம் இருந்தது. பதிவேட்டை எடுத்து அவர் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, மற்றப் பெண்கள் விரல் வைத்தால் வாசிக்க நான் இருந்தேன், நான் வைத்தால் வாசிக்க யாரும் இல்லை. மைக்கைத் தட்டினேன். வாயைத் திறந்தேன். பதினெட்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

எங்கள் ஊர்ப் பெண்கள் கணவனைக் கூப்பிட ஒரே ஒரு வார்த்தைதான் வைத்திருந்தோம். மூன்றெழுத்து. அதைச் சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில் ஊரில் அறுநூற்றுப் பதினோரு கணவர்கள் மடிந்திருந்தார்கள். அத்தனை பேரும் அந்த வார்த்தைக்குத் திரும்பிப் பார்க்கிறவர்கள். வீட்டில் சொன்னால் கணினி அதைச் சட்டை செய்யாது, அலுவலக மைக்கில் வந்ததால் பொதுக் கூப்பிடலாக எடுத்துக்கொண்டது. பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொருவராக விரிய ஆரம்பித்தார்கள். சவரக் கடை நாற்காலியில், லாரிக்கு அடியில், மச்சினன் வீட்டு மாடியில், எங்கெங்கே மடிந்தார்களோ அங்கங்கே விரிந்து, "என்ன?" என்று கேட்டார்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம். தொண்ணூற்றொன்பது. கணினி ஒருவரை விரிக்க இன்னொருவரை மடித்தது. மடிந்தவர் கூப்பிட்ட சத்தம் கேட்டுத் திரும்ப விரிந்தார். மவுஸ் அம்பு நின்றுவிட்டது. வெளியே நையாண்டி மேளத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு நிமிடம் ஆயிற்று. கோயில் வாசலில் சாமியாடி ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் இருந்தார். வட்டு கரகரவென்று சுற்றியது.

பட்டியலைப் பார்த்தேன். 'ப' வரிசையில் வேலை நின்றிருந்தது. என் கணவர் பாதி விரிந்திருந்தார். விரிந்து முடியும்வரை மடித்த பிரதியும் இருக்கும், விரிகிற பிரதியும் இருக்கும். இரண்டும் சேர்ந்து அவரைத் திரும்பப் பட்டியலின் முதலிடத்தில் கொண்டுவந்து வைத்தன. கணினி எதையாவது மூடுவதற்குமுன் பத்து வரை எண்ணும். ஆறு வரை எண்ணிவிட்டது. பொதுவாகக் கூப்பிட்ட கூப்பிடலுக்கு வரிசை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசை கிடையாது, அந்த ஆள்தான் முதலில். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே நான்தான்.

ஏழு. எட்டு.

"பால்வண்ணன்" என்றேன்.

மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவர் விரிந்து முடிந்தார். மடித்த பிரதி மறைந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, படியேறி, வாசலில் வந்து நின்றார்.

"செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடை. அனைவரும் வருக" என்றார். மடித்து வைத்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மடிப்பறையின் சிறப்பு அது.

பிறகு அவர் உதடு எதையோ தேடியது.

"என் பேரு இப்படியா இருக்கும்?" என்றார்.

அதை அவர் இதற்குமுன் சொன்னதில்லை. சோற்றை இரண்டாகப் பிரித்து வைத்தேன்.

கணினி பத்து வரை எண்ணி முடித்திருந்தது. மேளம் பழையபடி அடித்தது, சாமியாடியின் கால் தரைக்கு வந்தது. நிரம்பிய அளவு அறுபத்தாறு சதவீதமாக இறங்கியிருந்தது. எதையோ பெரிதாக மூடியிருக்கிறது. அரிசி ஆலையாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஆலை புகைந்துகொண்டிருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். மூடப்பட்டது அந்த வார்த்தை.

நான் எப்போதும் பட்டியலை ஆட்கள், கட்டடங்கள் என்று வடிகட்டித்தான் பார்ப்பேன். வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். எடுத்துப் பார்த்திருந்தால், என் கணவருக்கு எத்தனையோ மடங்கு மேலே, ஒன்றேகால் ஜி.பி. பிடித்துக்கொண்டு அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பேன். ஒரே வார்த்தைதானே, மடித்தால் கடுகாகிவிடாதா என்றால், ஆகாது. சோறு வைக்கவா என்று ஒரு தினுசு, பிள்ளைக்குக் கொதிக்கிறதே என்று ஒரு தினுசு, விருந்தாளி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தினுசு, ஆள் அசையாமல் படுத்திருக்கிறாரே என்று மூக்கில் விரல் வைத்து ஒரு தினுசு. ஊர்ப் பெண்கள் இத்தனை வருடம் சொன்னதில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. எதையும் எதோடும் சேர்த்து மடிக்கக் கணினியால் முடியவில்லை. தொட்டியும் மண்டபமும் போனபோது அதில் பெரும்பங்கு வட்டில் கிடந்தது, மடிப்பறைக்கு நான் முன்னுரிமை கொடுத்தபின் மடியாமல் முழுசாக இங்கேயே தங்கிவிட்டது. என் கணவருக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன், இவ்வளவு நாளும் வாய்க்குள் அதைவிடப் பெரியதை வைத்துக்கொண்டு.

அந்த வார்த்தையை இங்கே எழுதிப் பார்த்தேன். மூன்றெழுத்து அகலத்துக்கு வெற்றிடம்தான் விழுந்தது.

அன்று சாயங்காலம் முப்பிடாதி வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் திறந்தாள். பிறகு, "உச்சிமாகாளி" என்றாள். "இந்தா வாரேன்" என்று அவர் வந்தார். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெயர் கேட்டது. அதற்கு அடுத்த வீட்டிலிருந்து ஒன்று. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊரில் உள்ள எல்லாக் கணவர்களின் பெயர்களும் தெருவில் கேட்டன. சில பெண்களுக்கு உச்சரிப்பு பிசகியது. போகப் போகச் சரியாகிவிட்டது.

இடம் தாராளமாக இருந்ததால் அடுத்த வாரமே மடிக்கிற எண்ணை முப்பதாகக் குறைத்துவிட்டேன். இப்போது டீக்கடையில் ஒருவர் இரண்டு மணி நேரம்கூடத் தாராளமாகச் சும்மா இருக்கலாம். என் கணவர் பழையபடி ஆட்டோவில் போகிறார். முதல் இரண்டு நாள் வாக்கியங்கள் தட்டுத்தடுமாறி வந்தன. மூன்றாம் நாள், இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு, "தூரத்துல யார் வாரான்னு தெரியலன்னா இங்க வாங்க, கிட்டத்துல யார் இருக்கான்னு தெரியலன்னா வீட்டுக்குப் போங்க" என்று அவர் சொன்னது அலுவலகம்வரை கேட்டது. தெருவில் சன்னல்கள் திறந்தன. நான் மைக்கை அணைத்துவிட்டு அழுதேன்.

வடிகட்டி இல்லாமல் பட்டியலைப் பார்ப்பது இப்போது என் தினசரி வேலை. போன மாதம் முதலிடத்துக்கு ஒரு புதிய பெயர் வந்தது. அது என் கணவருடைய பெயர். அவர் அல்ல, பெயர். மற்றப் பெண்கள் தேவைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் தேவை இல்லாதபோதும் கூப்பிடுகிறேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும் கூப்பிடுகிறேன். பதினெட்டு வருடப் பாக்கி. சொன்னதில் எதுவும் எதோடும் சேர்ந்து மடியவில்லை. இப்படியே போனால் தீபாவளிக் கூட்டத்துக்கு அது மூடப்பட்டுவிடும்.

ஆகையால் இப்போது அவரை ஒரு நாளைக்கு ஒரு பெயரில் கூப்பிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை மாசானம் என்று ஆரம்பித்தேன். மறுநாள் ஜெபராஜ், அதற்கு மறுநாள் மீரான். எதற்கும் வந்தார். பதிவேட்டில் வேறு ஆளுக்கு இல்லாத ஆண் பெயர்களில் எனக்குத் தெரிந்தவை போன வாரத்தோடு தீர்ந்துவிட்டன. அதனால் இன்று காலை ஊருக்கு மேற்கே இருக்கிற குளத்தின் பெயரையே எடுத்து, மேலக்குளம் என்று கூப்பிட்டேன். "இந்தா வாரேன்" என்று வந்தார். வேட்டியும் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. துண்டு எடுத்துக் கொடுத்தேன்.